ஒன்பது மானிட்டரும் மஞ்சள்

இடக்கண்ணை இறுக மூடி, தலையைச் சற்றே சாய்த்து, மானிட்டருக்கு ஒரு முழம் தள்ளி நின்று பார்க்கிறார் ஸ்டூடியோக்காரர். திரையில் பூவும் இல்லை, பொம்மையும் இல்லை. வெறும் வெள்ளைப் பக்கம். விற்பனையாளர் ஆசையாக ஓடவிட்ட கிளியையும் அருவியையும் முதல் காரியமாக நிறுத்தச் சொல்லிவிட்டார். "கிளியை யாரு வேணாலும் காட்டுவான். வெள்ளையை வெள்ளையா காட்டச் சொல்லுங்க, பாப்போம்!" அரை நிமிடம் கழித்துத் தீர்ப்பு வரும். "மஞ்சள். அடுத்தது."

இந்தக் கடைக்கு இது ஐந்தாவது படையெடுப்பு. விற்பனையாளர், பாவம், அவர் தலையைக் கண்டதும் உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறார்.

முப்பது வருடமாகக் கேமராவில் வலக்கண்ணைப் பதித்தே பிழைத்த மனிதர். இடக்கண் மூடுவது அவருக்கு மூச்சு விடுவதைப் போல ஆகிவிட்டது. தக்காளி பொறுக்கினாலும் ஒற்றைக் கண், சுவரில் ஆணி அடித்தாலும் ஒற்றைக் கண், கணினியில் படம் திருத்தும்போதும் அதேதான். கடைத்தெருவில் அவருக்குப் பெயரே 'ஒத்தைக்கண்ணு சார்'. அதற்கு அவர் கோபிப்பதில்லை. "போட்டோக்காரனுக்கு ஒரு கண்ணே ஜாஸ்தி" என்று சிரிப்பார். படம் எடுக்க வருகிறவர்களையும் சும்மா விடமாட்டார். "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க. அய்யய்யோ, அவ்வளவு வேண்டாம். என்ன தப்பு பண்ணிட்டீங்க?" எதிரே இருப்பவர் சிரிப்பதற்குள் க்ளிக்!

வீட்டில் இருப்பது ஒரே மானிட்டர், அதற்குப் பங்காளிகள் மூன்று பேர். காலையில் இவர் படம் திருத்துவார். மதியம் மகள் உட்கார்ந்து அலுவலகக் கடிதங்களும் அட்டவணைகளும் அடிப்பாள். எழுத்து பிசிறில்லாமல் இருந்து, கண் எரியாமல் இருந்தால் அவளுக்குப் போதும். சாயங்காலம் ஆறு மணி ஆனால் மனைவி கார் பந்தயத்தில் இறங்கிவிடுவார். தெருவில் சைக்கிள்கூட ஓட்டாத அம்மாள், திரையில் ஓட்டும் ஓட்டத்தைப் பார்த்தால் நாம் நாற்காலியைப் பிடித்துக்கொள்வோம். "வளைவுல திரும்பும்போது படம் இழுக்குதுங்க. அதனாலதான் மரத்துல மோதறேன்" என்பது அவர் குறை. கடைக்கு வந்த முதல் நாளே வரிசையில் நாலாவதாக இருந்த வளைந்த மானிட்டரை அவர் கைகாட்டிவிட்டார். அதையும் இவர் ஒற்றைக் கண்ணால் பார்த்து, "மஞ்சள். போதாக்குறைக்கு விளையாட்டுச் சாமான்" என்று தள்ளிவிட்டார்.

விஷயம் விளையாட்டாக இருந்தால் பரவாயில்லை. பதினெட்டு வருடமாக ஒரு பள்ளிக்கூடத்தின் வகுப்புப் படங்கள் இவர் கையில்தான். இந்த முறை நானூறு பிள்ளைகளின் முகமும் நீலம் பாரித்துப் போயிற்று. "பிள்ளைங்களை ஃப்ரிட்ஜுக்குள்ள உக்கார வெச்சு எடுத்தீங்களா சார்?" தலைமையாசிரியை சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் படக்கட்டு முழுவதையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். வருகிற திங்கட்கிழமைக்குள் சரியாக வரவேண்டும், இல்லையென்றால் அடுத்த வருடம் வேறு ஆள். பழைய மானிட்டர் எல்லாவற்றையும் மஞ்சளாகக் காட்டியது, அதை நம்பி நீலத்தைக் கூட்டினேன், அது என்னைக் கவிழ்த்துவிட்டது என்பது இவர் வாதம். வெளியே வீறாப்பு, உள்ளே பயம். மனிதருக்கு மூன்று வாரமாகச் சோறு இறங்கவில்லை.

இதற்கு நடுவே வீட்டிலும் ஒரு மஞ்சள் தகராறு. வெள்ளைச் சட்டை தவிர வேறு போடமாட்டார். ஆறு மாதமாக, "என்னம்மா, சட்டையெல்லாம் பழுத்துப் போச்சு" என்று சலித்து, நாலு சோப்புத்தூள் மாற்றியாயிற்று. "காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு சும்மாவா சொன்னாங்க?" என்று ஒரு நாள் மனைவி வெடுக்கென்று கேட்டுவிட்டுக் கார் ஓட்டப் போய்விட்டார்.

இன்று ஒன்பதாவது மானிட்டரும் மஞ்சளாகிவிட்டது. விற்பனையாளர் அழாத குறையாகப் போய், பிரிண்டரிலிருந்து ஒரு புதுத் தாளை உருவிக்கொண்டு வந்தார். "சார், இதாவது வெள்ளையா, சொல்லுங்க!"

ஸ்டூடியோக்காரர் இடக்கண்ணை மூடினார். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தப்பா நினைக்காதீங்க. இதுவும் கொஞ்சம் மஞ்சள்தான்."

மனைவியோடு கூட வந்திருந்த மகள் களுக்கென்று சிரித்துவிட்டாள். மனைவி சிரிக்கவில்லை. தாளைப் பார்த்தார், அவர் சட்டைக் கையைப் பார்த்தார், பிறகு மூடியிருந்த அந்த இடக்கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏங்க, அந்தக் கண்ணால பாருங்களேன்."

"அது எதுக்கு? அது வேலை செய்யாத கண்ணு."

"இன்னிக்கு ஒரு நாள் செய்யட்டும்." மனைவி எட்டி அவருடைய வலக்கண்ணை உள்ளங்கையால் பொத்திவிட்டார்.

வேறு வழியில்லாமல் இடக்கண் திறந்தது. தாள். சட்டைக் கை. திரை. மூன்றையும் அவர் பார்வை இரண்டு முறை சுற்றி வந்தது. மனைவியின் கையை விலக்கி வலக்கண்ணால் பார்த்தார். அதே கையை இழுத்து மறுபடி பொத்திக்கொண்டு இடக்கண்ணால் பார்த்தார்.

"வெள்ளை" என்றார். "அப்போ மானிட்டர் இல்லையா? என் கண்ணா?"

"புரை விழுந்திருக்கும். எங்க அக்காவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. எடுத்துட்டா சரியாப் போயிடும், பயப்படாதீங்க. நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட போறோம்."

"அப்பா, பள்ளிக்கூடப் படம்?" என்றாள் மகள். இப்போது அவளும் சிரிக்கவில்லை.

"நான் பக்கத்துல உக்காந்து கலர் சொல்றேன். இந்த வாரம் கார் ஓட்டாட்டி ஒண்ணும் குடி முழுகிப் போயிடாது" என்றார் மனைவி.

ஸ்டூடியோக்காரர் விற்பனையாளரைக் கூப்பிட்டார். "அந்த நாலாவதைக் கொஞ்சம் போடுங்க தம்பி. வளைஞ்சது."

மனைவி கையை எடுக்கப் போனார். அவர் விடவில்லை. அந்தக் கையைத் தன் வலக்கண்மேல் அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவரையும் கூடவே இழுத்துக்கொண்டு, நாலாவது மானிட்டரை நோக்கி நடந்தார்.