மிளகாய்க் குச்சிக்கு அடங்காத மழை

காலையில் பிரிக்ஃபீல்ட்ஸில் இட்லியும், நுரைக்க இழுத்து ஆற்றிய தே தாரிக் டீயும் முடித்துவிட்டு, கிள்ளானுக்கு ரயில் ஏறினேன். முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். உள்ளே ஏசியில் பல் தந்தியடித்தது. எதிரே இருந்த அம்மாள் ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "ஊருக்குப் புதுசா தம்பி? ட்ரேன்ல குளிருலா," என்றார். வெயிலுக்குப் பயந்து ஏசி, ஏசிக்கு மின்சாரம், மின்சாரத்துக்கு நிலக்கரி, அந்தப் புகையால் இன்னும் வெயில். சென்னைக் கல்லூரியில் ஒரு பருவம் முழுக்க நான் மூச்சுவாங்க நடத்தும் சுற்றுச்சூழல் பாடம், அந்த ஸ்வெட்டருக்குள் அடங்கிவிட்டது.

கிள்ளான் நிலையத்துக்குச் சேகர் அத்தான் லோரியோடு வந்திருந்தார். என் தூரத்து உறவு வசந்தா அக்காவின் கணவர். சொந்தமாக லோரி ஓட்டுகிறவர். மகள் நிச்சயதார்த்தத்துக்கு என்னைச் சென்னையிலிருந்து இந்த மலாய் நாட்டுக்கு அழைத்தவர். ஏறி உட்காருவதற்குள் விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"நாளைக்கு கவிதாவுக்கு நிச்சயதார்த்தம். பையன் வீட்டுக்காரங்க முன்னாடி, இந்த வீடு என் மகளுக்குன்னு சொல்லப் போறேன். ஒங்க அக்கா வேணாங்குறா. மழைக்குத் தண்ணி ஏறுதாம். மச்சான், நீங்க படிச்சவரு. ஒரு வார்த்தை சொல்லுங்க."

இருபது வருடம் லோரி ஓட்டிக் கடனடைத்த வீடு. அதற்குத் தீர்ப்புச் சொல்லத்தான் எனக்கு இத்தனை உபசாரம் என்பது அப்போதுதான் புரிந்தது.

வீட்டு வாசலில் அக்கா, இறைச்சி சுடும் சாத்தே குச்சியில் மிளகாயும் வெங்காயமும் குத்திப் பூந்தொட்டியில் நட்டுக்கொண்டிருந்தார். விசேஷ நாளில் மழையை நிறுத்தும் வைத்தியமாம். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா சொல்லிக்கொடுத்தது.

"முன்னெல்லாம் ஒரு குச்சி போதும் தம்பி. இப்ப ஏழு குத்துறேன், அப்பவும் நிக்க மாட்டேங்குது. போன தடவ ஃப்ரிட்ஜே மெதந்துச்சு."

"அது லோங்காங் அடைச்சதுலா," என்றார் அத்தான், சாக்கடையைக் காட்டி.

ஒரு நாள் மழை ஆதாரமாகாது, பல வருடக் கணக்கு வேண்டும் என்று ஆரம்பித்தேன். "அதத்தானே சொல்றேன், வருஷா வருஷம் குச்சி கூடுது," என்றார் அக்கா. கருவிதான் தப்பு, முறை சரி. நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூடவில்லை. நாம் எரிக்கும் நிலக்கரியும் டீசலும் பூமிக்குப் போர்வை போர்த்துகின்றன, சூடான காற்று அதிக ஈரத்தைச் சுமந்து ஒரேயடியாகக் கொட்டுகிறது, கடலும் உயர்கிறது, கடலேற்ற நேரத்தில் மழை பெய்தால் கிள்ளான் ஆற்றுத் தண்ணீர் வடிய இடமில்லை என்றெல்லாம் விளக்கினேன்.

அத்தான் முகம் சுருங்கியது. "அப்ப என் லோரிதான் காரணமா?"

"நான் வந்த பிளேனும்தான் அத்தான்."

அதில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல்.

மறுநாள் மாலை, தெருவில் கூடாரம். செராஸிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளோடு வந்து இறங்கியதும் வானம் பொத்துக்கொண்டது. எல்லோரும் வீட்டுக்குள் ஓடினார்கள். அந்த அடைமழையிலும் ஒருவர் விடாமல் வாசலில் நின்று செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். பிறகு லோங்காங் பொங்கியது. அத்தனை செருப்பும் கைகோத்துத் தெருமுனையைத் தாண்டிப் போயின. அடுத்து தண்ணீர், அழைக்காமலே கூடத்துக்குள் வந்தது.

அத்தான் மைக்கோடு நாற்காலி மேல் ஏறிவிட்டார். "இந்த வீடு..."

"அப்பா, மொதல்ல மாமாவோட செருப்பக் கண்டுபிடிங்க," என்றாள் கவிதா, மாப்பிள்ளையின் அப்பாவைக் காட்டி. கூடமே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே இறங்கினார். வீட்டைப் பற்றிச் சொல்லாமலே மைக்கை அணைத்தார். தட்டு மாற்றிக்கொண்டது மாடிப்படியில்.

விமான நிலையத்துக்கு அவர்தான் கொண்டுவந்து விட்டார். இறங்கும்போது, "வித்துடலாம்னு இருக்கேன் மச்சான். வெயில் காலத்துல, தண்ணிக் கறை தெரியாம பெயின்ட் அடிச்சா நல்ல வெல போகும்," என்றார்.

"நல்லது அத்தான்," என்றேன்.

பெட்டியை இறக்கிக் கொடுத்துவிட்டு, போகாமல் நின்றார்.

"வாங்குறவனுக்கும் ஒரு மக இருப்பால்ல?"

சென்னையில் வீடு விற்கிறவர் யாரும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. "இருப்பா," என்று மட்டும் சொன்னேன்.