கணக்கில் கெட்டிக்காரி

என் மகளுக்குப் படிப்புச் செலவு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் தருவதாக அமெரிக்கக் கல்லூரி ஒன்று எழுதியது. காரணம் அவளுடைய உதைபந்தாட்டம். என் கணவரோ அது கணிதத்துக்குக் கிடைத்த புலமைப்பரிசில் என்று நாங்கள் குடியேறிய புருசெத் பகுதி முழுவதும் சொல்லித் திரிந்தார்.

"அப்பா, எனக்குக் கணக்கிலை ஆறுக்கு மூண்டுதான்," என்றாள் மகள்.

"அதை ஆர் கேட்டது? பந்தடிச்சுப் படிக்கப் போறாள் எண்டால் சனம் சிரிக்கும்."

எங்கள் சனத்துக்குப் புலமைப்பரிசில் என்றால் மூளைக்குக் கிடைப்பது. காலுக்கும் கைக்கும் கிடைக்கும் என்று யார் நம்புவார்கள்? அமெரிக்காவில் ஏதோ ஒரு கல்லூரியில் ஆட்டக்காரர்களுக்கு வேறு ஆட்கள் பரீட்சை எழுதிக் கொடுத்தார்களாம் என்று செய்தியில் பார்த்தபோது, "வெக்கங்கெட்ட வேலை" என்று கொதித்தவர் இவர்தான். அங்கே பரீட்சையாவது நடந்தது. இவர் பரீட்சையே இல்லாமல் மகளைத் தேறவைத்துவிட்டார்.

எங்கள் பகுதி மன்றம் சும்மா இருக்குமா? கலைவிழாவில் மகளுக்குப் பொன்னாடை போர்த்தி, "கணித மேதை" என்று கேடயமும் கொடுத்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்லச் சொல்லி ஒலிவாங்கியையும் நீட்டினார்கள்.

"எனக்குக் கணக்கு வராது. பந்து விளையாடித்தான் போறன். இதைக் கணக்கிலை கெட்டிக்காரப் பிள்ளை ஆருக்காவது குடுங்கோ," என்று கேடயத்தை மேசையில் வைத்துவிட்டு இறங்கினாள். என் கணவர் தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் சனம் சிரிக்கவில்லை. தேநீர் வேளையில் பெற்றோர் அவரை மொய்த்துக்கொண்டார்கள். எந்தக் கழகம், எத்தனை வயதில் சேர்க்க வேண்டும்? ஒரு பொய் போன கையோடு அவருக்கு அடுத்தது வந்துவிட்டது. "சின்னனிலையிருந்து நான்தான் கூட்டிக்கொண்டு போனனான்," என்றார். பனியிலும் மழையிலும் கூட்டிக்கொண்டு போனவள் நான். அவர் ஒரு ஆட்டத்துக்கும் வந்ததில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எந்த இடத்திலை விளையாடுறவ, அண்ணை?" என்று ஒருவர் கேட்டார்.

"முன்னுக்கு. கோல் போடுறவள்."

பின்னால் நின்ற மகள் மெதுவாகச் சொன்னாள்: "நான் கோல் காக்கிறனான், அப்பா."

அவள் போவதற்கு முந்திய கடைசி ஆட்டத்துக்குக் கூப்பிடாமலே வந்தார். பிந்தி வந்து, வாசலுக்குக் கிட்ட இருந்த கோல் கம்பங்களுக்குப் பின்னால் நின்று கைதட்டத் தொடங்கினார். அங்கே தொப்பியும் கையுறையுமாக நின்றது எதிரணிப் பிள்ளை.

"இஞ்சேருங்கோ, அவள் அங்காலை நிக்கிறாள்," என்றேன்.

"தெரியும், தெரியும்," என்றார். எல்லோரும் பார்க்க மைதானத்தைச் சுற்றி நடக்க மானம் விடவில்லை. அங்கேயே நின்றார்.

இடைவேளை முடிந்து அணிகள் பக்கம் மாறின. மகள் கையுறைகளை இழுத்துவிட்டபடி அவர் நின்ற பக்கத்துக்கே வந்தாள்.

"அப்பா, இனி என்னைப் பாருங்கோ."

அவருக்குச் சொல்ல ஒரு பொய்யும் வரவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார்.