கொலர் முனைகள்

இந்த நாட்டில் முதலாளி தன் தேநீர்க் கோப்பையைத் தானே கழுவுவது எனக்கு இன்னும் பழகவில்லை. ஒக்லாந்தின் ஒடாஹுஹுவில் எங்கள் சட்டைத் தொழிற்சாலையின் முதலாளி கிரேம் கழுவிக்கொண்டு நிற்கும்போது நான் பின்னால் என் கோப்பையோடு நிற்பேன். வாங்கிக் கழுவவும் முடியாது, சும்மா நிற்கவும் மனம் வராது. அன்று கோப்பையைத் துடைத்தபடி சொன்னார்: "இந்த முறையும் தையல் பிழையெண்டால், வேலையைத் திரும்ப வீட்டுக்கே கொண்டு வந்திடுவன். நீ பார்த்துச் சொல்லு."

வீடு என்று அவர் சொன்னது ஒக்லாந்தை. தையல் வேலை வெளிநாட்டுக்குப் போய் இரண்டு வருடம். மெசின்கள் துணி போர்த்திக் கிடந்தன. வந்திறங்கும் சட்டைகளைச் சரிபார்க்க நான் மட்டும் மிஞ்சினேன். பெட்டிகள் வருவதோ என் சொந்த நாட்டுக் கட்டுநாயக்காத் தொழிற்பேட்டையிலிருந்து. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்த என் தங்கச்சி சாந்திக்கு அரைகுறைச் சிங்களத்தோடு அங்கேதான் வேலை கிடைத்திருந்தது. தைப்பது எங்கள் சட்டைகளுக்குக் கொலர். லேபிளில் இருந்த எங்கள் தொழிற்சாலையின் பெயரை அவளே கடிதத்தில் எழுதியிருந்தாள். அன்றைக்கு நான் கோயிலில் அர்ச்சனை செய்வித்தேன்.

அந்த முறை வந்த பெட்டியைத் திறந்தேன். பாதிச் சட்டைகளில் கொலரின் ஒரு முனை நீண்டிருந்தது. மதிய இடைவேளையில் ஒரு மெசினின் போர்வையை விலக்கி, பிழையான கொலர்களைப் பிரித்து, யாருக்கும் தெரியாமல் திருத்தத் தொடங்கினேன்.

சினா கண்டுவிட்டாள். முன்பு என் பக்கத்து மெசினில் தைத்த சமோவாக்காரி. வேலை போனபின் இங்கேயே தரை துடைக்கிறாள்.

"பழகிப் பார்க்கிறியா? வேலை திரும்பி வரப்போகுதாமே! எனக்கும் ஒண்டு தா."

துடைப்பத்தைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். ஒரு கொலரைத் தைத்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள். நூல் பிடித்தமாதிரி நேர்த்தி. "கை மறக்கேல்ல!" என்று சிரித்தாள். அவள் ஒவ்வொன்றாகத் திருத்தத் திருத்த, அவளுக்கு வரவேண்டிய வேலை அவள் கையாலேயே போய்க்கொண்டிருந்தது. அது அவளுக்குத் தெரியாது. எனக்கு வெட்கமாக இருந்தது. மிச்சத்தைத் திருத்தாமல் அள்ளிக்கொண்டுபோய்க் கிரேமின் மேசையில் வைத்தேன்.

இரண்டு மாதத்தில் மெசின்கள் ஓடத் தொடங்கின. சினா என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

அந்த ஞாயிறு சாந்தி தொலைபேசியில் வந்தாள்.

"எங்கட லைனை மூடிட்டாங்கள் அக்கா. ஆரோ பிழை சொன்னவையாம். உங்கட வேலைக்கு ஒண்டுமில்லைத்தானே?"

"ஓம், ஒண்டுமில்லை" என்றேன்.

இப்போது நான் சினாவுக்குப் பக்கத்தில் கொலர் தைக்கிறேன். தைத்து முடித்ததும் இரண்டு முனைகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்க்கிறேன். சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பிரித்து மறுபடி தைக்கிறேன்.