லெண்டர் தனி

கட்டட வேலையில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்ற நினைப்போடுதான் டில்லியில் வந்து இறங்கினேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போயிற்று. பிறகு திருப்பூர், பம்பாய், மஸ்கட் என்று போன இடமெல்லாம் செங்கல் சுமந்தேன், ஜல்லி கொட்டினேன், சுவருக்குத் தண்ணீர் அடித்தேன். எந்தக் கட்டடமும் முடிகிற வரை அந்த ஊரில் இருந்ததில்லை என்பது வேறு விஷயம். அஸ்திவாரத்தில் நான் நிபுணன். கூரை போடுகிற நாள் வருவதற்குள் எனக்கு வேறு ஊர் நினைப்பு வந்துவிடும்.

அக்கா ஜனக்புரியில் இருக்கிறாள். ஒரு தனியார் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, கணக்குப் பிரிவில் ஓய்வு பெற்றவள். முப்பது வருஷம் வாடகை வீடுகளில் இருந்துவிட்டு, அத்தான் சாவதற்குக் கொஞ்சம் முன்னால் இரண்டாம் மாடியில் ஒரு வீடு வாங்கினார்கள். மேலே மொட்டை மாடியும் அவர்களுக்கே. நான் ஒரு பையோடு வந்து நின்றதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "ஏல, இந்தத் தடவ எத்தன நாளு?" என்பது. இரண்டாவது நாள் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். மாடியில் எனக்கு ஓர் அறை, ஒரு குளியலறை, அடுப்பு வைக்க ஒரு மூலை. "ஒனக்குன்னு ஒரு கதவு இருந்தா நீ எங்கயும் போவ மாட்ட" என்றாள். ஐம்பத்திரண்டு வயதுக்காரனைக் கட்டிப்போட ஒரு கதவு போதும் என்று நம்பியவள் அவள் ஒருத்திதான்.

பணம் இரண்டு பங்காக இருந்தது. ஒரு பங்கு அறைக்கு. மற்றது அக்காவின் இடது முட்டிக்கு. வலது முட்டியும் தேய்ந்ததுதான், ஆனால் இருந்த சேமிப்பு ஒரு முட்டிக்குத்தான் வந்தது. டாக்டர் நவம்பரில் தேதி கொடுத்திருந்தார். அதுவரை அவள் இரண்டு மாடியையும் பக்கவாட்டில், நண்டு மாதிரி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கினாள். காய்கறிக்காரர் கீழேயிருந்து கூப்பிட்டால் ஜன்னல் வழியாகக் கயிறு கட்டிய கூடையை இறக்குவாள்.

அனுமதித் தாள்களைப் பற்றி எழுதப் போவதில்லை. எழுதினால் காகிதத்திலேயே இன்னொரு மாடி எழும்பிவிடும். முதல் மாடிக்காரரின் கையெழுத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஆட்சேபம் இல்லை என்று அவர் எழுதித் தர வேண்டும். மனிதர் தங்கமானவர். தேநீர் கொடுத்தார், அக்காவைத் தங்கச்சி என்றார். பிறகு தம் குளியலறைக் கூரையில் இருக்கும் ஈரக் கறையைக் காட்டினார். அந்தக் கறை எங்களுக்கும் முன்பே அங்கே குடியிருந்தது. அதைச் சரிசெய்து, புது டைல்ஸ் பதித்து, கண்ணாடி ஒன்றும் மாட்டிக் கொடுத்த பிறகு அவருக்கு ஆட்சேபம் சுத்தமாக இல்லாமல் போயிற்று. அறையின் முதல் செங்கல் வருமுன் அவர் வீட்டுக் குளியலறை புதிதாகிவிட்டது.

அடுத்தது தேகேதார். கான்ட்ராக்டரை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். முதலில் வந்தவர் எல்லாம் சேர்த்து ஒரு தொகை சொன்னார். நான் சிரித்தேன். மஸ்கட்டில் மாளிகை கட்டுகிறவனே அவ்வளவு கேட்கமாட்டான் என்று என் பம்பாய் இந்தியில் சொல்லி அனுப்பிவைத்தேன். இரண்டாவது ஆள் வெற்றிலைக் கறைப் பல்லோடு வந்தார், மாடியைக் காலால் அளந்தார், ஏறக்குறைய பாதித் தொகை சொன்னார். கடைசியில் ஒரு வார்த்தை சேர்த்தார்: "லெண்டர் அலக்."

அக்கா என்னைப் பார்த்தாள். "லெண்டர் தனியாம். அது என்னதுல?"

"லிண்டலைச் சொல்லுதான்க்கா. கதவு, ஜன்னலுக்கு மேல போடுத குட்டி விட்டம். இவனுவ வாயில அது லெண்டராயிட்டு. ரெண்டு மூட்ட சிமெண்டு சோலி."

"அதுக்குப் போயி தனியாவா துட்டு கேப்பான்?"

"கேக்கட்டுமே. பாவம், அவனும் பொழைக்கணும்லா."

பாவப்பட்டேன். எழுதி வாங்கும்போது 'லெண்டர் தனி' என்பதை நானே இரண்டு தரம் படித்துக் காட்டச் சொன்னேன், பின்னால் அவன் பேச்சு மாறிவிடக் கூடாதே என்று.

வேலை ஜரூராக நடந்தது. செங்கல்லையும் மணலையும் தலைச்சுமையாக மேலே ஏற்ற ஒரு கூலி, இடிபாட்டைக் கீழே இறக்க ஒரு கூலி, அதை இரவோடு இரவாக எங்கோ கொண்டுபோய்க் கொட்ட ஒரு கூலி. எங்கே கொட்டுகிறாய் என்று கேட்காமல் இருக்க அதில் தள்ளுபடி உண்டு. சுவர் எழும்பியது. கதவுக்கும் ஜன்னலுக்கும் மேலே விட்டம் போட்டு முடித்த அன்று, லெண்டர் முடிந்தது என்று நான் தேகேதாரின் தோளைத் தட்டினேன்.

"சலோ பாயி, லெண்டர் ஹோ கயா."

அவர் ஜன்னலைப் பார்க்கவில்லை. அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "கஹாங் ஹுவா, பாயி சாப்?"

எங்கே ஆயிற்று என்கிறார். நான் விட்டத்தைக் காட்டினேன். மேஸ்திரி கரணையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சித்தாள் பெண்கள் இருவரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். டில்லியில் லெண்டர் என்றால் தலைக்கு மேல் போடுகிற மொத்தக் கான்கிரீட் தளம். கூரை. நான் கையெழுத்து வாங்கிக் கொண்டது கூரை இல்லாத ஓர் அறைக்கு. அதுவும் இரண்டு தரம் படித்துக் காட்டச் சொல்லி.

கம்பி, பலகை அடிப்பு, கான்கிரீட், நீர் கசியாமல் மேல்பூச்சு, எல்லாம் மேலே ஏற்றுகிற கூலி என்று விரல் மடக்கி, ஒன்றே முக்கால் லட்சம் என்றார் தேகேதார். "மத்ராசி பாயிங்கிறதால இந்த ரேட்டு" என்ற பொருளில் ஏதோ சொன்னார். முதலில் வந்தவரின் தொகையையும், இவருடைய பாதித் தொகையோடு இதைக் கூட்டியதையும் மனத்துக்குள் வைத்துப் பார்த்தேன். நான் சிரித்து அனுப்பியவர்தான் மலிவு.

அக்காவிடம் மறைக்கலாமா என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். மறைக்கக் கூடிய பொருளாக இருந்தால் மறைத்திருப்பேன். மழை பெய்தால் தெரிந்துவிடும். காலையில் சொன்னேன். அவள் திட்டவில்லை, தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"முட்டிக்கு வச்சிருக்க துட்டு இருக்குல்லா. அத எடுத்துக் கூரையப் போட்டுருவோம்."

"ஒனக்கு என்ன கிறுக்கா?"

"இத்தன வருசம் பொறுத்த முட்டி. இன்னும் ரெண்டு வருசம் பொறுக்காதா? சுவரக் கட்டிட்டு வானத்தப் பாத்துக்கிட்டு இருந்தா எதுத்த வீட்டுக்காரி என்ன சொல்லுவா?"

"தகரம் போட்டுக்கிடுதேன்."

"ஜூன் மாசத்துல தகரத்துக்குக் கீழ ஒன்னிய வறுத்து எடுக்கவா? கூரதான். இன்னைக்கே அந்தாளக் கூப்பிடு."

அவள் முடிவெடுத்தால் கம்பெனி ஆடிட்டரே மாற்றமாட்டார் என்பார்கள். எனக்கு வாதம் பண்ணத் தெரியாது. வாழ்க்கையில் நான் பழகி வைத்திருக்கிற ஒரே காரியத்தைச் செய்தேன். ஆணியில் மாட்டியிருந்த பையை எடுத்து, அதில் என் இரண்டு சட்டைகளை வைத்தேன்.

"கூர போட்டீன்னா நான் கெளம்பிருவேன்."

"எங்கல?"

"எங்கயாவது. ஸ்டேசனுக்குப் போனா ஏதோ ஒரு வண்டி நிக்கும்."

மற்றவர்கள் இப்படிச் சொன்னால் அவள் தோசைக் கரண்டியால் அடித்திருப்பாள். நான் சொன்னால் செய்வேன் என்று அவளுக்குத் தெரியும். இதற்கு முன் நாலு தடவை பார்த்திருக்கிறாள். என் ஓடுகாலித்தனம் முதல் தடவையாக ஒருவருக்கு உபயோகப்பட்டது. அடுப்பை அணைத்துவிட்டு, தோசையைத் தட்டில் எடுத்து என் பக்கம் நகர்த்தினாள். பிறகு, "பைய மாட்டு" என்றாள்.

தேகேதாருக்கு வருத்தம்தான். ஆனால் அந்த வாரமே காற்று கெட்டுப்போய்விட்டது என்று நகரம் முழுக்கக் கட்டட வேலைக்குத் தடை போட்டார்கள். எங்கள் கூரையைப் போடாமல் விட்டதால் டில்லி மக்கள் எவ்வளவு தெளிவாக மூச்சு விட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் இருமிக்கொண்டுதான் இருந்தேன்.

நவம்பரில் முட்டி மாற்றினார்கள். ஐந்து நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் படுத்தேன். அது புதிதல்ல, பெஞ்சுகளில் அதுவே நல்ல பெஞ்சு. வீட்டுக்கு வந்ததும் ரசம் வைத்தேன், ஐஸ் கட்டி ஒத்தடம் கொடுத்தேன், பயிற்சி சொல்லித் தர வந்த பெண் போனதும் அவளை விடக் கடுமையாக அக்காவை நடக்க வைத்தேன். "ஒனக்கு மேஸ்திரி புத்தி போவலியே" என்று வலியோடு வைவாள். படுக்கை எனக்குக் கூடத்துச் சோபாவில். அதன் நீளம் என்னை விட ஒரு சாண் குறைவு.

பிப்ரவரியில் பனிப்புகை விலகி வெயில் வந்தது. அக்கம்பக்கத்து மாடிகளில் எல்லாம் நாற்காலி போட்டுக் கடலையும் ஆரஞ்சும் தின்றுகொண்டு வெயில் காய ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா, "மேல போவோம்ல" என்றாள். பதினெட்டுப் படி. பக்கவாட்டில் இல்லை, நேராக முகத்தைக் காட்டி ஏறினாள். ஒவ்வொரு படிக்கும் இடது காலை முதலில் வைத்தாள், புதுச் செருப்பு வாங்கிய பிள்ளை மாதிரி.

அறையை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தாள். உள்ளே நாற்காலி போட்டேன். நான்கு சுவருக்கும் நடுவில் காற்று இல்லாமல் வெயில் மட்டும் குவிந்து கிடந்தது. பக்கத்து மாடிக்காரர்கள் காற்றுக்குச் சால்வையைப் போர்த்திக்கொண்டிருந்தார்கள். அக்கா ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"கட்டிலு அங்க. மேச இந்த ஜன்னலுகிட்ட" என்றாள். பிறகு விரலை மடக்கி ஏதோ கூட்டினாள். "வலது முட்டிக்குச் சேத்து முடிக்க ரெண்டு வருசம் ஆவும். அதுக்கு மேல கூரைக்குச் சேக்க ஒண்ணற வருசம்."

"ஆவட்டும்."

"முட்டிதான் மொதல்லன்னு நீதான சொன்ன?"

"ஆமா."

"அப்ப அதுவரைக்கும் பைய எடுக்கக் கூடாது. எடுத்தீன்னா அன்னைக்கே கூர போட்டுருவேன், பாத்துக்கோ."

என்னை நானே மிரட்டியது போல இருந்தது. மூன்றரை வருஷம் ஒரே ஊரில் நான் இருந்ததில்லை. ஆரஞ்சை உரித்துக் கொட்டை நீக்கி, சுளை சுளையாக அவள் கையில் வைத்தேன்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? பதில் சொல்லுல."

"சரிக்கா" என்றேன்.

வெயில் சுவரைத் தாண்டியதும் எழுந்தோம். இறங்குவதற்கு ஏறியதைப் போல இரண்டு மடங்கு நேரம் ஆயிற்று. இப்போது வலது முட்டிதான் ரொம்ப வலிக்கிறது என்று ஏழாவது படியில் உட்கார்ந்துவிட்டாள். நானும் அவளுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தேன்.