நாலடி என்று நான் போட்ட கோடு

அளவு விஷயத்தில் எனக்குத் திமிர் உண்டு. வீட்டுக்கு அலமாரி அடிக்க ஆசாரி வந்தால் பின்னாலேயே நின்றுகொண்டு, "அரை நூல் தள்ளிப்போச்சே" என்று சொல்லி அவர் வாயைக் கிளறுவேன். என் மனைவி வந்து என்னை உள்ளே இழுத்துப் போகும்வரை நகர மாட்டேன்.

தொழில் அப்படி. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் யூனிட்டில் மாடல் செய்கிற வேலை எனக்கு. ஃபியூஸ் கட்டையோ ஊறுகாய் ஜாடியோ பொம்மையோ, முதல் உருவத்தை நான்தான் செதுக்க வேண்டும். அதை வைத்துத்தான் பிளாஸ்டர் அச்சு எடுப்பார்கள். நான் ஒரு மயிரிழை தவறினால் அந்த அச்சில் வார்க்கிற ஆயிரம் கட்டையும் தவறும். இதில் ஒரு சங்கதி இருக்கிறது. மண் சூளையில் வெந்தால் சுருங்கும். எங்கள் மண்ணில் ஒன்பது அங்குலத்துக்குச் செய்து உள்ளே வைத்தால் எட்டு அங்குலமாக வெளியே வரும். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது என்பதால் மாடல்காரர்கள் தனியாக ஒரு ஸ்கேல் வைத்திருப்போம். அதில் எட்டு என்று எழுதிய இடத்தில் உண்மையில் ஒன்பது அங்குலம் இருக்கும். சுருக்க ஸ்கேல் என்போம். என்னுடையது அலுமினியப் பட்டையில் நானே கோடு கீறியது. இருபது வருஷமாகக் கையிலேயே இருப்பதால், மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே அதைத் தேடுகிறவரைப் போல, அது என் கையில் இருப்பதே பல நேரம் எனக்குத் தெரியாது.

என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, ஜங்ஷன் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவான். சேத்தியாத்தோப்பிலிருந்து யாராவது போன் போட்டு வண்டியை ஸ்டார்ட் பண்ணிக் காட்டுவார்கள். இவன் இங்கே டீ குடித்துக்கொண்டே, "வால்வு அடிக்குதுங்க, எடுத்துட்டு வாங்க" என்பான். அவனுடைய காதுதான் அவன் கடைக்குப் போர்டு.

அவனுக்கு டிராக் ரேஸ் பைத்தியம் பிடித்தது போனில் வீடியோ பார்த்துத்தான். கால் மைல் நேர் ரோடு, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வண்டி, பச்சை விளக்கு எரிந்ததும் யார் முதலில் அந்தக் கோடியைத் தொடுகிறார்கள் என்பதுதான் போட்டி. அதற்கென்றே ஒரு பழைய பாணி வண்டி உண்டு. ஒல்லியாக, நீளமாக, வெறும் குழாயால் ஆன உடம்பு. இன்ஜின் முன்னால். ஓட்டுகிறவன் கடைசியில், பின் ஆக்ஸிலுக்கும் பின்னால், காலை அகட்டி உட்கார்ந்திருப்பான். அந்தப் படத்தைத் தன் அக்காவிடம் காட்டினான். "கட்டிலுக்குச் சக்கரம் மாட்டுனாப்புல இருக்குது. இதுல ஒக்காந்து எங்கடா போவ?" என்றாள் அவள்.

"எங்கயும் போறதுக்கு இல்லக்கா. கால் மைலு மட்டுந்தான்."

விபத்தில் முகம் நசுங்கிய ஒரு வேனிலிருந்து இன்ஜினும் கியர்பாக்ஸும் பின் ஆக்ஸிலும் கிடைத்தன. எங்கள் யூனிட்டின் பழைய ஷெட்டில் தரை மட்டமாக இருக்கும். முதலாளியிடம் கேட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேயே வேலை ஆரம்பித்தோம். நீளக் குழாய்கள் இரண்டையும் அவனே டேப் பிடித்து அறுத்தான். அடுத்து, இன்ஜின் எங்கே உட்கார வேண்டும் என்பது. இந்த மாதிரி வண்டியில் எல்லாமே அதில்தான் இருக்கிறது. பின் சக்கரங்களின்மேல் போதுமான எடை விழுந்தால்தான் டயர் ரோட்டைப் பிடிக்கும். எடை முன்னால் போய்விட்டால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். பல நாள் கணக்குப் போட்டு, பின் ஆக்ஸிலிலிருந்து இன்ஜினின் பின்முகம் நாலடி என்று நோட்டில் எழுதி வைத்திருந்தான்.

அன்றைக்கு இரண்டு கையாலும் ஆக்ஸிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "மாமா, நீங்களே கோடு போட்டுடுங்க. நீங்க போட்டா நான் திருப்பி அளக்க வேணாம்" என்றான். எனக்கு உள்ளம் குளிர்ந்துபோயிற்று. குனிந்து, கையிலிருந்த ஸ்கேலை இரண்டு முறை வைத்துச் சாக்பீஸால் கோடு போட்டேன். அந்தக் கோட்டில்தான் இன்ஜின் தாங்கிகளை வெல்டிங் வைத்தான். கியர்பாக்ஸுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஓடும் ஷாஃப்ட்டை, இருந்த இடைவெளிக்குத் தகுந்தபடி லேத்தில் வெட்டி வாங்கினான். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது.

டியூனிங் தொடங்கியபோது எனக்கு இன்னொரு வேலையும் கிடைத்தது. எங்கள் பக்கத்து மங்களூர் போகிற வழியில் மனை போட்டு, தார் ரோடும் போட்டு, ஒரு வீடுகூட வராமல் கிடக்கிற லே-அவுட் ஒன்று உண்டு. அதன் சொந்தக்காரர் இவனுடைய வாடிக்கையாளர். கேட்டைத் திறந்துவிடுவார். நேர் ரோட்டில் ஒரு ஓட்டம் ஓடி, முழு வேகத்திலேயே இன்ஜினை அணைத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி என் கையில் கொடுப்பான். பிளக்கின் மூக்கில் இருப்பது பீங்கான். அது வெந்திருக்கிற நிறத்தைப் பார்த்து, உள்ளே பெட்ரோல் கூடவா குறைவா என்று சொல்லலாம். வெளுத்திருந்தால் குறைவு. கரி பிடித்திருந்தால் கூடுதல். பிஸ்கட் நிறம் வந்தால் சரி. சூளை வாயில் நின்று நிறம் பார்த்தே பழகிய கண் என்னுடையது. "என்ன மாமா, வெந்துச்சா?" என்பான். "இன்னும் வேவணும்" என்பேன். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற ஜெட்டை மாற்றி மறுபடியும் ஓடுவான். அவன் காதும் என் கண்ணுமாக நாங்கள் அந்த இன்ஜினைச் சரிக்கட்டிய அந்த ஞாயிறுகளில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

ஒன்று மட்டும் படியவில்லை. கிளம்பும்போது பின் டயர்கள் பிடிக்காமல் சுற்றின. லே-அவுட் ரோட்டில் மண் கிடக்கிறது, அதனால்தான் என்று இருவரும் சொல்லிக்கொண்டோம்.

களிமண் ஏற்றும் லாரியில் வண்டியை ஏற்றிக்கொண்டு, சென்னைக்கு இந்தப் பக்கம் ஒரு பழைய ஓடுதளத்தில் நடந்த போட்டிக்குப் போனோம். ஹெல்மெட்டும் கனத்த ஜாக்கெட்டுமாக அவன் உட்கார்ந்தான். பச்சை விளக்கு எரிந்தது. பக்கத்து வண்டி போய்விட்டது. இவனுடையது கொட்டாவி விட்டதுபோல் ஒரு புகையைக் கக்கி, நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றி, பிறகு மெதுவாகப் புறப்பட்டது. மூன்று முறை ஓடினான். மூன்று முறையும் அதேதான். வேலி ஓரத்தில் யாரோ, "தேர் நெலைக்கி வந்துடுச்சு" என்று கத்தினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

அதற்குப் பிறகு நாலு மாதம் அவன் மாற்றாத பொருள் இல்லை. டயரில் காற்றைக் குறைத்தான், கூட்டினான். கிளட்ச் மாற்றினான். இக்னிஷனை முன்னே தள்ளினான், பின்னே இழுத்தான். ஒன்றும் வேலைக்காகவில்லை. ஒரு நாள் ஒர்க்‌ஷாப்பில் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, "மாமா, எனக்கு எடது காது சரியா கேக்க மாட்டேங்குது" என்றான். ஒரு வருஷமாகவே அப்படியாம். பாண்டிச்சேரியில் டாக்டரைப் பார்த்திருக்கிறான். சைலன்சர் இல்லாத இன்ஜின்களோடு இருபத்தைந்து வருஷம் இருந்ததன் பலன் என்று சொன்னாராம். "இன்ஜினு என்னமோ சொல்லுது மாமா. எனக்குத்தான் கேக்கல. அதான் இழுவையே வரல" என்றான். வண்டியை விற்றுவிடுவது என்று முடிவு செய்தான். வண்டியோடு அவன் நிறுத்தவில்லை. கடையையும் விட்டுவிட்டு ஒரு குடோனில் சூப்பர்வைசராகப் போவதற்குப் பேசிக்கொண்டிருந்தான்.

ஷெட்டில் கிடந்த வண்டியின் அளவுகளை வாங்குகிறவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும் என்று என்னிடம்தான் கேட்டான். வெளியாருக்கு அனுப்புவதாயிற்றே என்று இரும்பு டேப்பை எடுத்துப் போனேன். நீளம் சரி. அகலம் சரி. ஆக்ஸிலிலிருந்து இன்ஜின் நாலரை அடி. திரும்பப் பிடித்தேன். நாலரை அடியேதான். மேசைக்குப் போய் என் ஸ்கேலை எடுத்துவந்து வைத்துப் பார்த்தேன். நாலடி என்றது.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சூளைக்குள் போகாத ஒரு வண்டிக்கு நான் சுருக்கம் சேர்த்து அளந்திருக்கிறேன். இன்ஜின் ஆறு அங்குலம் முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறது. அதோடு சேர்த்துப் பொருத்திய பேட்டரியும் ரேடியேட்டரும் முன்னால் போய்விட்டன. இந்த மாதிரித் தப்பை ஊரில் வேறு எந்தத் தொழில்காரனும் செய்ய முடியாது.

உடனே போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. ஆறு அங்குலம் என்ன பெரிய விஷயம், அவனுக்கு நிஜமாகவே காது கேட்கவில்லையே, டாக்டரே சொல்லியிருக்கிறாரே என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். அளவு என்றால் மாமாதான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் முன்னால் போய் எப்படி நிற்பது? வாங்குகிறவருக்கு அளவும் அனுப்பவில்லை. இவன் கேட்டபோது, "வேலை இருக்குது, அனுப்புறேன்" என்று சமாளித்தேன்.

பதினோராம் நாள் காலையில் அவன் கடைப் பக்கம் போனேன். நல்லூரிலிருந்து ஒருவர் டிராக்டர் கொண்டுவந்திருந்தார். பல வருஷ வாடிக்கை. இவன் டிராக்டரைத் தொடக்கூட இல்லை. "எனக்குக் காது சரியில்லீங்க. தப்பா ஏதாவது செஞ்சுடப்போறேன். வேற ஆளப் பாருங்க" என்று கும்பிட்டு அனுப்பிவைத்தான். அவர் நம்பாமல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். நான் கடைக்குள் போகாமலே வீட்டுக்கு வந்தேன். "என் தம்பி நேத்து என்கிட்ட அழுதுட்டுப் போனான். நீங்களாவது அவன்கிட்ட ஏதாவது பேசக் கூடாதா?" என்றாள் மனைவி. அவளிடம்தான் முதலில் சொன்னேன். கேட்டு முடித்ததும் ஸ்கேலையும் டேப்பையும் எடுத்து என் கையில் வைத்தாள். "சாப்பாடு அப்பறம். மொதல்ல போங்க" என்றாள்.

அவனுடைய ஒர்க் பெஞ்சில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஸ்கேலின் முனை எங்கே முடிகிறது, டேப்பில் அந்த இடத்தில் என்ன எண் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினேன். அவனுக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

"இத எப்பப் பாத்தீங்க?"

"பதினோரு நாளாச்சு."

ஸ்கேலை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான். கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஆறு அங்குலத்துக்கு நான் ஒண்ணும் சொல்லல மாமா. கை மறதி, யாருக்கும் வரும். இந்தப் பதினோரு நாளா நான் டெய்லி கடையச் சாத்திட்டு, ஒவ்வொரு காதாப் பொத்திக்கிட்டு ரேடியோ கேட்டுப் பாத்துட்டு இருந்தேன்."

மன்னிப்புக் கேட்டேன். அது அவன் காதில் விழுந்ததா, விழாததுபோல் இருந்தானா தெரியவில்லை.

வெல்டிங்கை அறுத்து இன்ஜினைப் பின்னுக்குத் தள்ளுகிற வேலையை அவனே செய்தான். நான் டார்ச் பிடித்தேன், போல்ட் எடுத்துக் கொடுத்தேன். கோட்டை அவனே போட்டான், டேப்பை மூன்று முறை பிடித்துப் பார்த்து. ஒவ்வொரு முறையும் அந்த டேப் சர்ரென்று உள்ளே இழுத்துக்கொள்ளும் சத்தம் என்மேல் வந்து விழுந்தது. ஷாஃப்ட்டை வெட்டிச் சின்னதாக்கினான். லே-அவுட்டில் மறுபடியும் கார்புரேட்டரைப் பார்த்தபோது பிளக்கைக் கழற்றி அவனே வெயிலில் திருப்பிப் பார்த்துவிட்டு, அவனே மாட்டிக்கொண்டான். என் பக்கம் நீட்டவில்லை. கேட்கிற தகுதி எனக்கு இல்லை என்பதால் நானும் கேட்கவில்லை.

முழு ஓட்டம் ஓடிப் பார்த்த ஞாயிறன்று என் மனைவியும் வந்திருந்தாள். ரோட்டை நானும் அவளும் துடைப்பத்தால் கூட்டினோம். அவன் கிளட்சை விட்டான். டயர் ஒரு சுற்று வழுக்கியது. அடுத்த கணம் பின்பக்கம் அமுங்கி, முன் சக்கரங்கள் தரையை விட்டு ஒரு விரற்கடை எழும்பி, வண்டி எங்கள் கண்ணெதிரில் இல்லை. ரோட்டின் கோடியில் புழுதிதான் தெரிந்தது. "ஐயோ, எந்தம்பி" என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அழுதேன். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கோடிவரை ஓடினேன். இந்த உடம்பை வைத்துக்கொண்டு ஓடினேன் என்றே சொல்ல வேண்டும். நான் போய்ச் சேர்வதற்குள் அவன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நடு சிலிண்டரின் பிளக்கை எடுத்திருந்தான். துணியில் பிடித்து, வெயிலில் காட்டி, அதன் மூக்கைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். துணியோடு சேர்த்து என் கையில் வைத்தான்.

"என்ன மாமா, வெந்துச்சா?"

மூச்சு வாங்கியது. பீங்கான் ஒரே சீராகப் பிஸ்கட் நிறத்தில் இருந்தது. போட்டிக்கு முன்பே இவன் காது இந்த இன்ஜினைச் சரியாகத்தான் கேட்டிருக்கிறது.

"வெந்துருக்குது மச்சான்" என்றேன்.

அவன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. நான் அவனுடைய இடது பக்கம் நின்றிருந்தேன். கழுத்தைத் திருப்பி வலது காதை என் பக்கம் கொண்டுவந்தான். நான் கிட்டப் போய், சத்தமாக, இன்னொரு தடவை சொன்னேன்.