பச்சை வரும் வரைக்கும்

எழுத முடியாத பிள்ளைக்கு இடமில்லை என்ற பள்ளியில் மூன்றாம் முறை போய் நின்று இடம் வாங்கினான் தம்பி. பேனா நிற்காத கையில் ஒற்றை விரலை மட்டும் பழக்கித் தட்டச்சில் தேறினான். "இவனா?" என்று கேட்ட கணினிக் கடைக்காரரிடமே வேலைக்குச் சேர்ந்தான். அக்காவுக்கு இதையெல்லாம் சொல்லி அலுக்காது. ஒன்று மட்டும் அவனுக்கு வாய்க்கவில்லை. எங்கே போனாலும் கைநாட்டுத்தான்.

அக்கா தையல் ஆலையில் வேலை பார்த்தாள். வேலை நேரத்தை யாரும் பின்னால் திருத்திவிடக் கூடாதென்று தொழிலாளர் சங்கம் அதை பிளாக்செயினில் ஏற்றியது. ஒரே கணக்கின் நகல் பல ஊர் உறுப்பினர் வீட்டுக் கணினிகளில் இருக்கும். அந்தக் கணினிக்கு நோடு என்று பெயர். புதுப் பக்கம் சேரும்போதெல்லாம் ஒவ்வொரு நோடும் சரிபார்த்து, உடையவர் பெயரில் கையெழுத்திடும்.

தம்பி விடுவானா? கடையில் கழித்துப் போட்டதைப் பொறுக்கி ஒரு நோடு கட்டினான். ரேம் போதுமானது. கரண்ட் போனால் தாங்க யூபிஎஸ்ஸும் இருந்தது. டிஸ்க்தான் பழைய சுழலும் வகை. அது ஒரு பக்கம் எழுதுவதற்குள் மற்றவை இரண்டு பக்கம் முன்னே போய்விடும். கடைசிப் பக்கத்தை எட்டாத நோடு கையெழுத்திட முடியாது.

"நான் காலை இழுத்து நடக்குற மாதிரியே ஓடுதுக்கா."

"அதுவாவது வாயாடாம ஓடுதே."

கடைக்காரர் தன் கணினியிலிருந்த வேகமான எஸ்எஸ்டியைக் கழற்றி வந்து மாட்டினார். "கையெழுத்துப் போட்டுக் காட்டு ஒத்தவிரலு, அது போதும்." நோடு முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கியது. கடைசிப் பக்கத்தை எட்டினால் திரையின் ஓரத்தில் பச்சைப் புள்ளி வரும்.

அந்த வாரமே தம்பிக்கு நெஞ்சுச் சளி முற்றியது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கும்போது மூச்சிரைக்கச் சொன்னான்: "பாதியில நின்னா கெட்டுப்போயிடும்க்கா. பச்சை வர்ற வரைக்கும் பிளக்கைப் பிடுங்காதே."

"நீயே வந்து பார்த்துக்கோ."

அவனைத் தூக்கித்தான் வந்தார்கள். வீடு கொள்ளாத கூட்டம், புழுக்கம்.

"அந்தப் பெட்டியைப் பிடுங்கிட்டு ஃபேனைப் போடும்மா," என்றார் பெரியப்பா. "போனவனுக்கு எதுக்குக் கம்ப்யூட்டரு?"

பெரியவர்கள் எதிரே குரலுயர்த்தி அறியாத அக்கா, பிளக்கை முதுகால் மறைத்து உட்கார்ந்தாள். "வேர்த்தா வாசல்ல நில்லுங்க பெரியப்பா. அவன் வேலை இன்னும் முடியல."

அவன் காட்டித் தந்தபடி, கணினியின் காற்றோட்டத் துளைகளில் படிந்த தூசியைப் பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் துடைத்துக்கொண்டே இருந்தாள். இல்லாவிட்டால் சூடேறி நின்றுவிடும்.

அவனை எடுத்துப் போய்த் திரும்பிய கடைக்காரர் திரையைக் குனிந்து பார்த்தார். ஓரத்தில் பச்சை.

"எட்டிப் பிடிச்சிட்டான்மா. கையெழுத்து விழுந்திருக்கு. அவன் பேர்தான்."

"முழுசாப் படிங்க. தேதியோட."

அவர் முதலில் தம்பியின் பெயரைப் படித்தார். பிறகு அன்றைய தேதியை: 2023 நவம்பர் 9, வியாழக்கிழமை.