மூன்று தரம் சொல்லாத ஏலம்

என் சகலனை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து நான் பக்கச்சார்பாக எழுதிவிட்டேன் என்று குறை சொல்ல வேண்டாம். மட்டக்களப்புக்குப் பக்கத்தில் ஆரையம்பதியில் ஒரே வளவுக்குள் அக்காவுக்கும் தங்கைக்கும் சீதனமாகக் கொடுத்த இரண்டு வீடுகள். அக்காவைக் கட்டியவன் நான், தங்கையைக் கட்டியவன் அவன். இரண்டு பேரும் வந்தான் வரத்தான்தான். ஆனால் அவன் மட்டும் அந்த வளவைத் தானே வெட்டித் திருத்தியவன் மாதிரி நடப்பான்.

அவனுக்குப் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் வேலை. வருடத்துக்கு ஒருமுறை அம்மன் கோயில் சடங்கில் ஏலம் கூறுபவனும் அவன்தான். அம்மனுக்குப் படைத்த மாம்பழத்தையும் பட்டுச்சேலையையும் தூக்கிப் பிடித்து, "ஒருதரம்... ரெண்டுதரம்..." என்று இழுத்து, மூன்றாவதற்கு முன் ஒரு மூச்சு நிற்பான். ரோசக்காரர்கள் எல்லாம் அந்த மூச்சுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள். பெரிய விலைக் கேள்வி எப்போதும் அங்கேதான் விழும்.

நான் நில அளவைக் கந்தோரில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவன். எனக்குள்ள ஒரே கெட்ட பழக்கம் ரோமானியக் காசு. வெளிநாட்டு ஏலங்களை இணையத்தில் பார்த்துப் பார்த்து இருபத்து மூன்று சேர்த்திருந்தேன். பெரும்பாலும் விரல் நகம் அளவுச் செப்புக் காசுகள். ஒரு பக்கம் தேய்ந்த அரசன் தலை, மறுபக்கம் ஈட்டி பிடித்த சிப்பாய். "செத்த வெள்ளைக்காரன்ட தலையை வாங்கி என்ன செய்யப் போறீங்க அண்ணன்?" என்று சகலன் கேட்பான், என் மனைவியின் காதிலும் விழுகிற மாதிரி. அப்படிப்பட்டவனிடம்தான் நான் போய் நிற்க வேண்டி வந்தது. என் வங்கி அட்டை வெளிநாட்டுக்கு வேலை செய்யாமல் போனது. அவனுடையது வேலை செய்தது.

சென்ற வருடம் ஒரு சிறிய ஏலக் கம்பனியின் பட்டியலில், அரசன் தலையின் காதடியில் வெடிப்புள்ள ஒரு செப்புக் காசு வந்தது. 'இலங்கையில் கிடைத்தது, பழைய கடித உறையுடன்' என்று ஒரே ஒரு வரி. உறையின் படம் இல்லை. "உறையில என்ன எழுதியிருக்கெண்டு ஒருக்காக் கேளு" என்று சகலனைக் கெஞ்சினேன். அவன் தன் ஹோட்டல் ஆங்கிலத்தை எடுத்துவிட்டு, போனை இருவருக்கும் கேட்கிற மாதிரி வைத்தான். மறுமுனையில் ஒரு பெண். பென்சில் எழுத்து, மங்கிவிட்டது என்றாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். பீ. ஏ. டீ. இன்னொரு டீ. ஐ. கடைசியில் லகூன். எந்த ஊரென்று அவளுக்கு விளங்கவில்லை.

எனக்கு விளங்கியது, பட்டிக்கலோ. மட்டக்களப்பு வாவிக்கரை என்று யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள்.

முப்பது வருடம் வரைபடத்தில் எல்லைக்கல் குறித்தவன் நான். எங்கே கிடந்தது என்று தெரியாத பொருளை என்னால் பொருளாகவே நினைக்க முடியாது. அவ்வளவு தூரத்துக் காசு ஒன்று எங்கள் வாவிக்கரையில் கிடந்திருக்கிறது; அதற்குச் சாட்சி அந்தப் பென்சில் எழுத்து ஒன்றுதான். வாங்குகிறவன் உறையைக் கிழித்தெறிந்தால் கதை முடிந்தது. அதனால் காசைவிட எனக்கு அந்த உறை வேண்டும். சோறு இறங்கவில்லை, அப்படி வேண்டும்.

என் உச்ச விலையை முன்கூட்டியே பதிந்து வைப்போம் என்றேன். அப்படி ஒரு வசதி இருந்தது.

"உங்களுக்கென்ன விசரா? முதலே உச்சத்தைச் சொல்றவன் ஏலம் கேக்கத் தெரியாதவன். என்னட்ட விடுங்க அண்ணன். இருவது வருசமாக் கூறுறன்."

கணக்கு அவன் பெயரில், அட்டை அவனுடையது, கணினியும் அவன் மடியில். நான் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையில். பின்னேரம் ஐந்து மணிக்கு எங்கள் காசு திரையில் வந்தது. ஒரு வழுக்கைத் தலையர் சின்னச் சுத்தியலோடு நின்றார். நாங்கள் கேட்டோம், யாரோ கூடக் கேட்டான். திரும்பக் கேட்டோம், அவன் திரும்பவும் கூடக் கேட்டான்.

"அழுத்துடா!"

"பொறுங்க. இன்னும் ஒருதரமே சொல்லல்லையே."

"டேய், அழுத்து!"

"ரெண்டுதரம் வரட்டும் அண்ணன், அப்ப போட்டு நொறுக்குவம்."

வழுக்கைத் தலையர் ஒருதரமும் சொல்லவில்லை, இரண்டுதரமும் சொல்லவில்லை. சுத்தியலால் ஒரு தட்டு. திரையில் அடுத்த காசு வந்து நின்றது.

"மறுகா?" என்றான் சகலன், பிறகு என்ன நடக்கும் என்கிற மாதிரி.

"மறுகா என்னடா மறுகா? வித்துப்போட்டான்!"

"அதெப்பிடி? மூண்டுதரம் சொல்லாமக் குடுக்கேலுமா? இது செல்லாது!"

போனை எடுத்து அதையே அந்தப் பெண்ணிடமும் வாதாடினான், மடையன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உறையையாவது எறிய வேண்டாம் என்று வாங்கியவரிடம் சொல்லச் சொல்லு என்று நான் கத்தினேன். சொல்கிறேன் என்றாளாம். பதில் வரவே இல்லை.

அன்று நான் அவனைப் பேசிய பேச்சுகளை இங்கே எழுத முடியாது. அடுத்த நாள் ஆள் பிடித்து வளவின் நடுவே தென்னோலைக் கிடுகு வேலி போட்டேன். அக்காவும் தங்கையும் மூன்றாம் நாளே அதில் ஆள் நுழைகிற அளவு ஒரு பொட்டு வைத்துப் போய் வந்தார்கள். எங்கள் இருவருக்கும் வேலி வேலிதான்.

சடங்கு வந்தது. அவன் பலாப்பழத்தைத் தூக்கிப் பிடித்து ஒருதரம் சொன்னான், இரண்டுதரம் சொன்னான். கூட்டத்தில் என்னைக் கண்டான். மூன்றாவது வாயில் வரவில்லை. ஆட்கள் சிரித்தார்கள். நல்லா வேணும் என்று நினைத்தேன். வீடு வரும்வரை வயிறு குளிர்ந்தது.

போன மாதம் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான்.

"அண்ணன், அந்தக் காசு ஒரு கடையில விலைக்கு வந்திருக்கு. காதடியில அதே வெடிப்பு. வாங்குவம், பேங்க் காட் நான் தாறன்."

கிடுகு இடுக்கால் போனை நீட்டினான். அதே காசுதான். கிடைத்த இடம்: தெரியாது.

"உறை?" என்றேன்.

"கேட்டன். அப்பிடி ஒண்டும் அவங்களுக்கு வரல்லையாம்." போனைத் திரும்ப வாங்கிக்கொண்டான். "இது மட்டக்களப்புக் காசெண்டு நான் சொன்னன் அண்ணன். அத்தாட்சி கேக்காங்க."

"போடா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

அந்தக் காசு எங்கள் வாவிக்கரையில் எடுத்தது என்று நிச்சயமாக அறிந்தவர்கள் இப்போது இரண்டே பேர். ஒருவன் நான். மற்றவனோடு நான் கதைப்பதில்லை.